சலுகை கேட்பது இழிவன்று

ஜும்ஆ தொழுகைக்குச் செல்லும் எவரும் இன்று ஒரு காட்சியைக் காணாமல் திரும்புவதில்லை. தொழுகை வரிசைகளின் ஓரத்தில் நாற்காலிகள் போடப்பட்டிருக்கின்றன. முழங்கால் தேய்ந்தவர், இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்து கொண்டவர், குனிந்தால் மூச்சு வாங்குகிறவர் எனப் பெரியவர்கள் பலர் அவற்றில் அமர்ந்து தொழுகின்றனர். அவர்களை யாரும் ஏளனமாக நோக்குவதில்லை. அவர்களுடைய தொழுகை குறைவுபட்டது என்று எவரும் முணுமுணுப்பதுமில்லை. மூல நோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தம் தொழுகையைப் பற்றி வினவியபோது, நின்று தொழவும், இயலாவிடில் உட்கார்ந்து தொழவும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்துத் தொழவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. கடமை அப்படியே நிற்கிறது. அதை நிறைவேற்றும் முறை மட்டும் உடலின் நிலைக்கேற்ப இளகிக் கொடுக்கிறது. மார்க்கச் சட்ட நூல்கள் இதனை ‘ருக்ஸத்’ என்று குறிப்பிடுகின்றன.

முதியவருக்குத் தயங்காமல் நாற்காலி எடுத்துப் போடும் நம் சமுதாயம், பதின்மூன்று வயதுப் பிள்ளையொன்று தன் வகுப்பறையில் அதுபோன்றதொரு சலுகையைக் கேட்க நேர்ந்தால் மட்டும் கூசி நிற்பது ஏன்? இந்த வெள்ளியன்று வாசக அன்பர்களோடு இதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நீங்காத நோயோடு பள்ளி செல்லும் பிள்ளைகள் பல வகையினர். கரும்பலகைத் தூசி பட்டாலே மூச்சுத் திணறும் ஆஸ்துமாப் பிள்ளை உண்டு. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக் கொள்ள வேண்டிய தலசீமியாப் பிள்ளை உண்டு. வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுற்று, மாதந்தோறும் பென்சிலின் ஊசி போட்டுக் கொள்ளும் பிள்ளையும் உண்டு. எல்லோரையும் பற்றி ஒரே கட்டுரையில் எழுத முற்பட்டால் எவரைப் பற்றியும் எழுதியதாக இராது. ஆகவே, பிள்ளைகளுக்கு வரும் நீரிழிவு ஒன்றை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். பள்ளி நாளின் ஒவ்வொரு மணியோசையோடும் மோதுகின்ற நோய் அது.

நீரிழிவு என்றதும் நம் இல்லங்களில் நினைவுக்கு வருபவர் ஐம்பது வயதைக் கடந்த அத்தாவோ, வாப்பாவோதான் (ஊருக்கு ஊர் அழைக்கும் முறை மாறினாலும் மாத்திரை டப்பா மாறுவதில்லை). பிள்ளைகளைப் பெரும்பாலும் தாக்குவது வேறு வகை. மருத்துவர்கள் அதனை முதல் வகை நீரிழிவு என்பர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களை அழித்து விடுவதால் அது உண்டாகிறது. பிள்ளை மிட்டாய் தின்றதால் வந்ததன்று. கருவுற்றிருந்த தாய் இனிப்பை விரும்பி உண்டதால் வந்ததுமன்று. இந்த ஓர் உண்மையை வீட்டிலுள்ள மூத்தம்மாக்களும் அண்டை வீட்டுப் பெண்மணிகளும் அறிந்து கொண்டால், எத்தனையோ இளந்தாய்மார்களின் கண்ணீர் மிச்சமாகும்.

இன்சுலினை விழுங்க முடியாது. இரைப்பையில் உணவோடு உணவாகச் செரித்துப் போகும். ஊசி வழியாகத்தான் செலுத்தியாக வேண்டும். அதுவும் நாளொன்றுக்குப் பல முறை, வாழ்நாள் முழுவதும். 1922 ஜனவரி 11ஆம் நாள் கனடா நாட்டின் டொரான்டோ நகர மருத்துவமனையில் லியனார்டு தாம்சன் என்ற சிறுவனுக்கு இம்மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அவனுக்கு அப்போது வயது 14. முதல் ஊசி போதிய பலன் தரவில்லை. மருந்தை மேலும் தூய்மைப்படுத்தி அதே மாதம் மீண்டும் செலுத்தியபோது, சாவின் வாயிலில் கிடந்த சிறுவன் எழுந்தான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அதற்கு முன்னர் இந்நோய் கண்ட பிள்ளைகள் பட்டினி போன்ற உணவுக் கட்டுப்பாட்டில் வாடி, மாதக் கணக்கிலோ ஓரிரண்டு ஆண்டுகளிலோ மாண்டனர். இன்றோ, மருந்தும் கவனமும் குறைவின்றிக் கிடைக்கும் பிள்ளை படித்துப் பட்டம் பெற்று, மணம் புரிந்து, பேரப்பிள்ளைகளையும் காணலாம். இடையில் கடக்க வேண்டிய காட்டாறு ஒன்று இருக்கிறது. அதுதான் பள்ளிக்கூடம்.

ஒரு பள்ளி நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் ஊசி போட்டு, உணவருந்தி, பேருந்து பிடித்துப் பிள்ளை வகுப்புக்கு வந்து விடுகிறது. இரண்டாம் பாடவேளையில் கை நடுங்குகிறது. நெற்றி வியர்க்கிறது. கரும்பலகையில் உள்ள எழுத்து மங்குகிறது. இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியதன் அடையாளங்கள் இவை. உடனடியாக மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ, அதற்கு ஈடான குளுக்கோஸையோ உட்கொண்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆனால், வகுப்பு நேரத்தில் தின்பண்டம் எடுப்பது குற்றம் என்பது பள்ளியின் விதி. பிள்ளை எழுந்து அனுமதி கேட்கக் கூசுகிறது. ஆசிரியரோ, கவனமின்றி உட்கார்ந்திருக்கிறான் என்று கடிந்து கொள்கிறார். சர்க்கரை இறங்கிய மூளைக்குக் கேள்வியும் புரியாது, திட்டும் புரியாது. அந்த நிலையில் பிள்ளை முரண்டு பிடிப்பதும், காரணமின்றிச் சினப்பதும், தள்ளாடுவதும் நோயின் செயல்களே. ஒழுக்கக் குறைவு என்று கருதித் தலைமையாசிரியரின் அறைக்கு அனுப்பினால், போகும் வழியிலேயே பிள்ளை விழுந்து விடலாம்.

வேறொரு நாளில் சர்க்கரை ஏறி நிற்கிறது. தாகம் தீரவில்லை, சிறுநீர் அடிக்கடி வருகிறது. ஒரே பாடவேளையில் இருமுறை வெளியே செல்ல அனுமதி கேட்டால் வகுப்பு முழுவதும் சிரிக்கிறது. சிரிப்புக்கு அஞ்சிப் பிள்ளை தண்ணீர் குடிப்பதையே நிறுத்தி விடுகிறது. நோய்க்கு அதைவிடக் கேடு வேறில்லை. நண்பகலில் உணவுக்கு முன் மற்றோர் ஊசி போட வேண்டும். எங்கே போடுவது? பெரும்பாலான பள்ளிகளில் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் இடம் கழிப்பறை! உயிர் காக்கும் மருந்தை ஊரிலேயே தூய்மை குறைந்த இடத்தில், கதவைத் தாழிட்டுக் கொண்டு, திருடனைப் போலச் செலுத்திக் கொள்ளும் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும் என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். மாலையில் விளையாட்டு வேளை. ஓடினால் சர்க்கரை இறங்கும் என்று அஞ்சி, உடற்பயிற்சி ஆசிரியர் அவனை மரத்தடியில் உட்கார வைத்து விடுகிறார். அவருடைய நோக்கம் நல்லதே. ஆயினும், பாகிஸ்தான் பந்துவீச்சாளர் வசீம் அக்ரமுக்கு 1997இல் முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்டது. இன்சுலின் போட்டுக் கொண்டே அவர் 2003 வரை பன்னாட்டு ஆட்டங்களில் பந்து வீசினார் என்பதை அந்த ஆசிரியர் அறிந்திருந்தால், ஓடுவதற்கு முன் இரண்டு பிஸ்கோத்தைத் தின்னச் சொல்லிப் பிள்ளையை மைதானத்திற்கு அனுப்பியிருப்பார்.

பருவ வயதின் இடையூறு வேறு. வளர்ச்சிக்காக உடல் சுரக்கும் சுரப்புகள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால், பன்னிரண்டு வயது வரை கட்டுக்குள் இருந்த சர்க்கரை அதற்குப்பின் அடங்க மறுக்கிறது. மாதவிலக்கை ஒட்டிப் பெண்பிள்ளைகளுக்கு அது ஏறி இறங்குவதும் உண்டு. “முன்பெல்லாம் ஒழுங்காகத்தானே இருந்தாய், இப்போது திருடித் தின்கிறாயா?” என்று பெற்றோரே கேட்கிற வயது இதுதான். தோழர்களைப் போலத் தானும் இருக்க வேண்டும் என்ற ஆசை மேலோங்குகிற வயதும் இதுதான். அந்த ஆசையால் ஊசியைத் தவிர்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊசி தவறினால் உடலில் நச்சு அமிலம் பெருகி, வாந்தியும் வயிற்று வலியும் ஆழ்ந்த மூச்சிரைப்பும் தோன்றி, உயிருக்கே ஆபத்தாகி விடும்.

இத்தனைக்கும் வேராக இருப்பது நோயன்று; நோயை மறைக்கும் வழக்கமே என்பது என் துணிபு.

நம் வீடுகளில் அந்த வழக்கம் வலுவாக இருக்கிறது. ஆண்பிள்ளையானால் ஓரளவு வெளியே சொல்கிறார்கள். பெண்பிள்ளையானால் சின்னம்மா வீட்டாருக்குக்கூடத் தெரிவிப்பதில்லை. நாளை பெண் கேட்டு வருகிறவர்கள் தயங்குவார்களே என்ற அச்சம்! அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. மகளைப் பெற்ற உம்மாவின் நெஞ்சில் கிடக்கும் நெருப்பை வெளியே நிற்பவர் அளந்துவிட முடியாது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். பள்ளிக்குத் தெரியாது. வகுப்பாசிரியைக்குத் தெரியாது. பக்கத்தில் அமரும் தோழிக்கும் தெரியாது. பெண் மயங்கி விழுந்தால், காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று எண்ணி, நினைவிழந்தவளின் வாயில் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அது மூச்சுக்குழலில் இறங்கி விடக் கூடும். நினைவு தப்பியவருக்கு வாய்வழியாக எதையும் தரலாகாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்ற பாடத்தை அங்கே யாரும் கற்றிருக்கவில்லை. கற்க வேண்டிய தேவை இருப்பதாக யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

நிக்காஹ் பேசும் இடத்தில் உண்மையை ஒளிப்பது நேர்மையன்று என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆகவே, இந்த மறைவு எப்படியும் ஒருநாள் நீங்கியே தீர வேண்டும். ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின் அவசியம் சொல்லப் போகிற ஒன்றை, அதுவரை உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றுவதால் ஈட்டுவது என்ன? நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கும் பெண் மருத்துவரின் கண்காணிப்பில் கருவுற்று நல்ல மகவை ஈன்றெடுக்க முடியும் என்பதையும் பெற்றோர் அறிந்து வைத்திருத்தல் நன்று.

“எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், பொறுமையாக இரு” என்று பிள்ளையிடம் சொல்பவர்கள் உண்டு. உண்மையே. பொறுமைக்கு அய்யூப் (அலை) அவர்களைவிடச் சிறந்த எடுத்துக்காட்டும் இல்லை. ஆனால் அவர்களுடைய வரலாற்றைப் பாதியில் நிறுத்தி விடுகிறோம். காலால் தரையை உதைக்குமாறு அவர்களுக்குக் கட்டளை வந்ததையும், குளிக்கவும் பருகவும் நீர் கிடைத்ததையும் திருமறையின் 38ஆம் அத்தியாயம் கூறுகிறது. நாடிய அளவில் நோயை நீக்க வல்ல இறைவன், நோயுற்றவரின் காலுக்கும் ஒரு வேலையைக் கொடுத்தான். மருத்துவம் செய்து கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் நாட்டுப்புற அரபிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறார்கள். நாளுக்கு நான்கு முறை தன் வயிற்றில் தானே ஊசியேற்றிக் கொள்ளும் பிள்ளைக்குப் பொறுமையைப் பற்றி நாம் கற்பிப்பதற்கு அதிகமில்லை. ஆசிரியரிடம் சென்று நான்கு வார்த்தை பேசும் வேலை மட்டுமே நமக்கு மீதமிருக்கிறது.

மற்றோர் ஐயமும் சில இல்லங்களில் உலவுகிறது: இன்சுலின் பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பதாயிற்றே! ஒரு காலத்தில் பன்றியிலிருந்தும் மாட்டிலிருந்தும் எடுத்தது உண்மை. மனித இன்சுலினை நுண்ணுயிர்களைக் கொண்டு உற்பத்தி செய்யும் முறைக்கு 1982இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இன்று நம் மருந்துக் கடைகளில் கிடைப்பவை பொதுவாக அவ்வகை மருந்துகளே. ஐயமிருப்பின் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்து கொள்ளலாம். ஐயத்தின் பேரில் மருந்தை நிறுத்துவதற்கு மார்க்கத்தில் இடமில்லை.

இனி ரமலானுக்கு வருவோம். 2025இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்கிய மார்ச் மாதமே ரமலானும் தொடங்கியது. வரும் சில ஆண்டுகளுக்கும் நோன்பு பள்ளி நாட்களில்தான் வரும். நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோன்பை நிறைவேற்றிக் கொள்ளத் திருமறையின் இரண்டாம் அத்தியாயம், 184, 185ஆம் வசனங்கள் சலுகை வழங்கியுள்ளன. நோன்பு பிடிக்கவே இயலாத நிலையிலுள்ளவர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவும் அங்கேயே கூறப்பட்டுள்ளது. முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளை நோன்பிருக்கலாமா, கூடாதா என்பதை அதன் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். பலருக்கு அவர் வேண்டாம் என்றே சொல்வார். இதற்கென மருத்துவர்களுக்கு வழிகாட்டும் நூல் ஒன்றைச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்டிருக்கிறது. நோன்பிருக்க அனுமதி பெற்ற பிள்ளையும் இடையிடையே விரலில் குத்தி இரத்தத்தைச் சோதிக்க வேண்டும்; அதனாலோ இன்சுலின் ஊசியாலோ நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. சர்க்கரை 70க்குக் கீழே போனால், மக்ரிபுக்குப் பத்து நிமிடமே மிச்சமிருந்தாலும் நோன்பை முறித்து விட வேண்டியதுதான்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், நோன்பு நாளில் பள்ளிக்கூடத்தில் நடப்பது என்ன? “நோன்பா?” என்று தோழர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். இல்லை என்றால் ஏன் என்ற அடுத்த கேள்வி எழும். அதற்கு அஞ்சி, “ஆம்” என்று பொய் சொல்லிவிட்டு, மாடிப்படியின் அடியில் ஒளிந்து தண்ணீர் குடிக்கிறது பிள்ளை. இறைவன் வெளிப்படையாக வழங்கிய சலுகையை நம் பிள்ளை ஒளிந்து அனுபவிக்கிறது! முஸ்லிம்கள் நடத்தும் பள்ளியானால் அந்த மாதத்தில் சிற்றுண்டிச் சாலையையும் மூடி விடுகிறார்கள். நோன்பின் கண்ணியத்தைப் பேணும் எண்ணம் பாராட்டத் தக்கதே. அத்துடன் நோயுற்ற பிள்ளைகள் உண்ணவும் ஊசி போடவும் ஓர் அறையைத் திறந்து வைத்தால் அந்தக் கண்ணியம் குறையவா போகிறது?

வாணியம்பாடி, மேல்விஷாரம், காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் எனத் தமிழகமெங்கும் நம் முன்னோர் பள்ளிகளை நிறுவிச் சென்றிருக்கிறார்கள். தாளாளரும் நம்மவர்; நிர்வாகக் குழுவினரும் நம்மவர். இந்தச் சீர்திருத்தத்திற்கு நிதி திரட்ட வேண்டியதில்லை; கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. தலைமையாசிரியர் அறையில் ஒரு பொட்டலம் குளுக்கோஸ், மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க ஒரு சிறு குளிர்பெட்டி, ஊசி போட்டுக் கொள்ளத் தூய்மையான ஓர் இடம், ஆசிரியர்களுக்கு ஒரு மருத்துவரைக் கொண்டு ஒரு மணி நேர விளக்கம். இவ்வளவே தேவை. அசர் தொழுகைக்குப் பின் ஓதிக் கொடுக்கும் மதரஸாக்களும் இதைச் செய்யலாம். பள்ளி முடிந்து களைத்து வரும் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கும் நேரம் அது என்பதை ஹஜ்ரத்துமார்கள் அறிந்திருத்தல் அவசியம்.

அரசுத் தரப்பிலும் கதவுகள் திறந்து வருகின்றன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் முதல் வகை நீரிழிவு மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் முதலியவற்றைத் தேர்வுக் கூடத்திற்குக் கொண்டு வர, மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017 பிப்ரவரியில் அனுமதி அளித்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் எழுதிய கடிதத்தையொட்டி, வகுப்பறையிலேயே இரத்தத்தைச் சோதிக்கவும், இன்சுலின் போடவும், சிற்றுண்டி உண்ணவும் பிள்ளைகளை அனுமதிக்குமாறு உத்தரப் பிரதேச அரசு அவ்வாண்டு ஜூலையில் தன் பள்ளிகளுக்கு ஆணையிட்டது. ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய் ஆகியவற்றை 21 வகைகளின் பட்டியலில் சேர்த்தது. முதல் வகை நீரிழிவு அதில் இடம்பெறவில்லை. அப்பட்டியலில் உள்ள நோயுடைய பிள்ளைகளின் பெற்றோர் சான்றிதழ் பெறத் தயங்குவதும் மறைக்கும் வழக்கத்தின் மற்றொரு முகமே. சான்றிதழ் வாங்கினால் பெயர் கெடும் என்றஞ்சி, பிள்ளைக்குச் சட்டம் தந்த கல்வி உரிமைகளை இழக்கிறார்கள்.

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில். சுற்றறிக்கை வரட்டும் என்று காத்திராமல், ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே பெற்றோர் இருவரும் பிள்ளையையும் அழைத்துக் கொண்டு தலைமையாசிரியரைச் சென்று காணுங்கள். பிள்ளையைப் பேச விடுங்கள். நோய் அதனுடையது, யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதில் அதற்கும் உரிமை உண்டு. மருத்துவரின் கடிதத்தோடு, ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிய குறிப்பொன்றையும் கொடுங்கள்: பிள்ளையின் நோய், ஊசி போடும் வேளை, சர்க்கரை இறங்கினால் தோன்றும் அடையாளம், உடனே கொடுக்க வேண்டியது, மயங்கினால் செய்யக் கூடாதது, அத்தா அம்மா இருவருடைய தொலைபேசி எண்கள். அதன் படி ஒன்று வகுப்பாசிரியரிடமும், மற்றொன்று உடற்பயிற்சி ஆசிரியரிடமும், இன்னொன்று பள்ளி வாகன ஓட்டுநரிடமும் இருக்கட்டும். ஆண்டுதோறும் வகுப்பாசிரியர் மாறுவார். ஆகையால் ஆண்டுதோறும் புதிய படி கொடுக்க வேண்டும்.